சந்தைக்குச் சந்தை ஜெர்மன் கேமரா: பிராங்பர்ட்டிலிருந்து டிரெஸ்டன் வரை

சனி: பிராங்பர்ட்

ஜெர்மனியில் பழைய கேமரா தேடிப் போகிறவர்கள் சனிக்கிழமையை வைத்துத்தான் பயணத்தைப் போட வேண்டும். பழம்பொருள் சந்தைகள் பெரும்பாலும் சனியன்று கூடுகின்றன. ஞாயிறு கடைகள் அடைப்பு. திங்கள் அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு விடுமுறை. அதனால் இந்தச் சனி பிராங்பர்ட், அடுத்த சனி டிரெஸ்டன், நடுவில் வெட்ஸ்லார், பிரவுன்ஷ்வைக், யேனா என்று வழி. கேமரா செய்த இந்த ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறியியல் பிடிவாதம் உண்டு. அதனாலேயே கேமரா கெடுகிற இடமும் ஊருக்கு ஊர் மாறும். எது எங்கே கெடும் என்று தெரிந்தவருக்குத்தான் சந்தையில் நல்ல சரக்கு மாட்டும்.

பிராங்பர்ட் சந்தை ஒரு வாரம் மைன் ஆற்றின் தென்கரையில் ஷௌமைன்காய் சாலையில், மறுவாரம் கிழக்குத் துறைமுகப் பக்கம் லிண்ட்லி தெருவில் என்று மாறி மாறி நடக்கும். எந்த வாரம் எங்கே என்று முந்தின நாளே பார்த்துவிடுவது நல்லது. காலையிலேயே போய்விட வேண்டும். ரொக்கம், அதுவும் சில்லறை நோட்டாக. பையில் ஒரு சின்ன எல்.இ.டி. டார்ச், 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), கேபிள் ரிலீஸ், காலாவதியான 35 மி.மீ. ஃபிலிம் ஒன்று, 35 மி.மீ.யைவிட அகலமான 120 ஃபிலிமின் பின்தாளும் காலி ஸ்பூலும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அதைக் கண்டால் கடைக்காரர் கேமராவைக் கையிலேயே தரமாட்டார். தொடுவதற்கு முன் "டார்ஃப் இஷ்?" (எடுக்கலாமா?) என்று கேட்டுவிடுங்கள். எடுத்த எடுப்பில் கடைசி விலை கேட்பது இங்கே எடுபடாது.

அட்டையில் "உன்கெப்ரூஃப்ட்" என்று எழுதியிருந்தால் சோதிக்காத சரக்கு என்று அர்த்தம். சோதித்தாயிற்று, ஓடவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். "பாஸ்ட்லர்" என்ற சொல் இருந்தால் உதிரிபாகத்துக்கு மட்டும்.

இந்த மாதிரிச் சந்தைகளில் மலிவாகக் கிடைப்பது மியூனிக்கில் செய்த ஆக்ஃபா ஐசோலெட். 6×6 செ.மீ. படம் எடுக்கும் மடிப்புக் கேமரா. இதற்கு இரண்டு நோய். ஒன்று, லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி: ஆக்ஃபா போட்ட செயற்கைத் துணி மடிப்பு மூலைகளில் ஊசித்துளை விடும். நிழலில் நின்று, பின்கதவைத் திறந்து, டார்ச்சை உள்ளே விட்டு, வெளியிலிருந்து மூலைகளைப் பாருங்கள். கறுப்புத் துணிப் பெயிண்ட் ஒரு சில சுருளுக்குத் தாங்கும், அவ்வளவுதான். புதுத் துருத்தி போடுவதே தீர்வு. இரண்டாவது, ஃபோகஸ் மரையில் போட்ட கிரீஸ். பச்சையாகி இறுகிப்போகும். ஃபோகஸ் வளையம் திரும்பாது; பலமாகத் திருப்பினால் முன் கண்ணாடியோடு நடுக் கண்ணாடியின் கூடும் சேர்ந்து கழன்று வரும். வளையம் திரும்புகிறதே என்று சந்தோஷப்பட்டு வாங்கினால் ஒரு படமும் கூர்மையாக வராது. லைட்டர் பெட்ரோல் சில சொட்டு, மெல்லிய சூடு, பொறுமை என்று போனால் பிரிக்கலாம். பிறகு ஃபிலிம் தளத்தில் மங்கல் கண்ணாடி வைத்து முடிவிலித் தூரத்தை மறுபடி அமைக்க வேண்டும்.

அதே மேசையில் ஜெய்ஸ் ஐகானின் ஐகாண்டா இருந்தால் அதை முதலில் எடுங்கள். தோல் துருத்தி, 80 ஆண்டுக்குப் பிறகும் பெரும்பாலும் ஒளி கசியாது. தோலுறையில் உள்ள மாதிரி எண்ணைப் பாருங்கள்: 520 என்று மட்டும் இருந்தால் 6×4.5, 520/16 என்றால் 6×6, 520/2 என்றால் 6×9. மேல்தோலில் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும். அடியிலுள்ள பித்தளை ஆணிகள் களிம்பு பிடித்துத் தோலைத் தூக்கிவிடுகின்றன. அழகுக் குறைதான், இயக்கத்துக்கு ஒன்றுமில்லை. அதைக் காட்டிப் பேரம் பேசலாம்.

இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் காம்பூர் அல்லது பிரான்டார் ஷட்டர். சோதனை வரிசை இது: முதலில் 1/100, பிறகு 1/25, கடைசியில் 1 வினாடி. 1 வினாடியில் பல்சக்கரச் சத்தம் சீராகக் கேட்க வேண்டும். பாதியில் நின்றால் வேகம் குறைக்கும் சக்கரங்களில் எண்ணெய் காய்ந்திருக்கிறது. கழுவினால் சரியாகிவிடும், உதிரி தேவைப்படாது. காம்பூர்-ரேபிட்டில் 1/500க்குத் தனி ஸ்பிரிங் உண்டு. அதனால் ஷட்டரை இழுத்து ஏற்றும் முன்பே 1/500 வைக்க வேண்டும். ஏற்றிய பிறகு அந்த எண்ணுக்குத் திருகினால் உள்ளே எதையாவது வளைத்துவிடுவோம். "வி" என்ற குறி சுயவிசை, அதாவது சில வினாடி கழித்துத் தானே படமெடுக்கும் அமைப்பு. அதைத் தொடவே தொடாதீர்கள். நடுவழியில் சிக்கி முழு ஷட்டரையும் பூட்டிவிடும். உடைத்த பொருளை வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு: வெட்ஸ்லார்

பிராங்பர்ட்டிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். லான் ஆற்றங்கரை ஊர். பழைய நகரத்தின் ஐசன்மார்க்ட் சதுக்கத்தில், லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் தன் முதல் மாதிரிக் கேமராவோடு நின்று படமெடுத்த இடத்தைக் காட்டும் குறி தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த மரச்சட்ட வீடும் எதிரே அப்படியே இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸோடு நின்றால் அதே சட்டகம் கிடைக்கும். எல்லோரும் எடுக்கிற படம்தான், எடுத்துவிடுங்கள்.

சினிமா ஃபிலிமின் 18×24 மி.மீ. கட்டத்தை இரட்டித்து 24×36 ஆக்கியதுதான் பார்னாக்கின் அடிப்படை யோசனை. நிறுவன உரிமையாளர் எர்ன்ஸ்ட் லைட்ஸ் இரண்டாமவர் துணிந்து உற்பத்திக்கு ஒப்புதல் தந்தார். 1925 லைப்ஸிக் வசந்தக் கண்காட்சியில் லைக்கா வெளிவந்தது. ஊருக்கு வெளியே லைட்ஸ் பார்க்கில் இப்போதைய தொழிற்சாலையும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1923இன் சோதனை வரிசையைச் சேர்ந்த 105ஆம் எண் கேமரா, பார்னாக்கே பயன்படுத்தியது, 2022 ஜூனில் 1.44 கோடி யூரோவுக்கு இந்த ஊரில்தான் ஏலம் போனது. அந்தத் தொகையை மறந்துவிட்டு லைக்காவின் 3சி, 3எஃப் மாதிரிகள் பக்கம் வருவோம். நம் பைக்கு எட்டுவது அவைதான்.

மரை லைக்காக்களில் (39 மி.மீ. திருகு, லென்ஸ் அமர்விலிருந்து ஃபிலிம் வரை 28.8 மி.மீ.) முதல் கேள்வி, இது லைக்காதானா? சோவியத் ஃபெட், சோர்க்கி உடல்களில் லைக்கா என்று பொறித்து, கழுகுச் சின்னம் போட்டு, தங்க முலாம் பூசி விற்பது பல காலமாக நடக்கிறது. லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரை (இரட்டைப் பிம்பத்தை ஒன்றாக்கித் தூரம் அமைக்கும் கருவி) தள்ளும் கையின் நுனியில் லைக்காவில் ஒரு வட்ட உருளை இருக்கும். சோவியத் உடலில் அங்கே ஆப்பு வடிவ உலோக நுனி. இந்த ஒரு பார்வையில் பெரும்பாலான போலிகள் மாட்டிக்கொள்ளும். லென்ஸுக்கும் ஒரு சோதனை உண்டு: உண்மையான 50 மி.மீ. எல்மாரில் அபர்ச்சர் இதழ்கள் முதல் கண்ணாடிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில். எல்மார் என்று பெயர் மாற்றிய சோவியத் இண்டஸ்டார் லென்ஸில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். எஃப் 16க்கு மூடிவிட்டு முன்னாலிருந்து பார்த்தால், இதழுக்கு முன் ஒரு கண்ணாடியா இரண்டா என்பது டார்ச் ஒளியின் எதிரொளிப்புகளிலேயே தெரியும்.

அடுத்தது ஷட்டர் திரை, ரப்பர் பூசிய துணி. லென்ஸையும் அடித்தட்டையும் கழற்றி உள்ளே ஒளி பாய்ச்சுங்கள். ஊசித்துளை, சுருக்கம், ஓரத்தில் உதிரும் ரப்பர் மூன்றையும் தேடுங்கள். திரை நடுவில் ஒரே ஒரு வட்டத் துளை இருந்தால் சூரியன் செய்த வேலை: மூடியில்லாத லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியைப் பொசுக்கியிருக்கும். திரை மாற்றலாம்; ஆனால் அந்தக் கூலி கேமரா விலையில் பெரும்பங்கு வரும் என்று கணக்கில் வையுங்கள். வேகத்தை எப்போதும் முறுக்கிய பிறகே மாற்ற வேண்டும். ஃபிலிம் முறுக்காத நிலையில் மேல் எண்வட்டு சரியான இடத்தைக் காட்டாது.

3சி 1940இல் வார்ப்பு உடலோடு வந்தது. முந்தையவற்றைவிட ஏறத்தாழ 3 மி.மீ. நீளம் கூடுதல், பழைய தோலுறை சேராது. 3எஃப் 1950, ஃபிளாஷ் எண்கள் முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு, 1954இல் சுயவிசையும் சேர்ந்தது. சிவப்பு எண்ணுக்கு விலை கூடும். படத்தில் வித்தியாசம் தேடாதீர்கள்.

புதிதாக வாங்கியவர்கள் முதல் சுருளிலேயே சொதப்புகிற இடம் ஃபிலிம் ஏற்றுவது. கீழிருந்து செருகும் அமைப்பு என்பதால் முன்நாக்கை 10 செ.மீ. நீளத்துக்கு, கணக்காகச் சொன்னால் இருபது துளை அளவுக்கு, வெட்டி நீட்ட வேண்டும். வெட்டு ஒரு துளையைக் கிழித்துக்கொண்டு போகக் கூடாது. வெட்டாமல் திணித்தால் ஃபிலிமின் ஓரம் வாயில் சிக்கிக் கிழிந்து, அந்தத் துணுக்கு ஷட்டருக்குள் போய் உட்காரும். ஏற்றிய பிறகு திருப்பிச் சுற்றும் குமிழை லேசாக இறுக்கிவிட்டு முறுக்குங்கள். குமிழும் கூடச் சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது.

ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டைப் பிம்பம் மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். பாதி வெள்ளி பூசிய கண்ணாடி மங்கியிருக்கிறது. மலிவான உதிரி, மாற்றக்கூடியது. லைக்கா எம்3 விஷயம் வேறு. 1954இல் 7,00,000 என்ற வரிசை எண்ணிலிருந்து தொடங்கும் இந்த மாதிரியில், 0.91 மடங்கு உருப்பெருக்கம் கொண்ட ஃபைண்டரின் பட்டகங்கள் பால்சம் பசையால் ஒட்டப்பட்டவை. ஒரு தட்டுப்பட்டாலே ஒட்டு விட்டுப்போய் ஃபைண்டர் கறுத்துவிடும். அதைச் சரிசெய்பவர்கள் குறைவு, கூலி கனம். எம்3 வாங்கும்போது உடம்புக் கீறலை விடுங்கள், ஃபைண்டரின் உள்ளே எண்ணெய்த் திட்டு மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆரம்ப எம்3கள் இருமுறை இழுத்தால்தான் முறுக்கும். அது பழுதல்ல.

லைட்ஸ் லென்ஸ்களில் பனிமூட்டம் அதிகம். 1933இன் சம்மாருக்கு முன் கண்ணாடி மென்மை; துணியால் துடைத்தே கீறி வைத்திருப்பார்கள். மடங்கும் சம்மிக்ரானிலும் உள்மூட்டம் வரும். டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். மூட்டத்தைத் துடைத்து எடுக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் விட்டிருந்தால் கண்ணாடியையே அரித்திருக்கும், அது போகாது. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால் மூட்டமுள்ள லென்ஸுக்கு உதிரி விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

திங்கள்: ரயில்

கீசன், காசல் வழியாக பிரவுன்ஷ்வைக். பார்க்க ஒன்றும் இல்லாத நாள். ஷ்டுட்கார்ட் இந்த வழியில் இல்லை என்பதால் அந்த ஊர்க் கேமராவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம்.

கோடாக் ஷ்டுட்கார்ட்டில் செய்த ரெட்டினா. நாம் இன்றும் வாங்குகிற 35 மி.மீ. உருளைப்பெட்டி 1934இல் முதல் ரெட்டினாவோடுதான் வந்தது. சந்தையில் "ஜாம்" என்று பாதி விலைக்கு வருகிற ரெட்டினா 2சி, 3சி நிறைய. அவற்றில் பல நன்றாக இருப்பவை. இவற்றின் ஃபிலிம் கணக்கு எண் கூடாமல் இறங்கிக்கொண்டே வரும். 1க்கு வந்ததும் நெம்புகோல் பூட்டிக்கொள்ளும். பின்பக்க விடுவிப்புப் பொத்தானை அழுத்தி, எண்ணைத் தள்ளுபொத்தானால் மேலே நகர்த்தினால் ஓடத் தொடங்கும். ஆனால் யாராவது அதற்கு முன்பே பலமாக இழுத்திருந்தால் உள்ளே ஷட்டரை இழுக்கும் பல்சட்டத்தின் பற்கள் தேய்ந்திருக்கும். நெம்புகோல் லேசாகச் சுற்றியும் ஷட்டர் ஏறவில்லை என்றால் அதுதான் காரணம்; வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். மூடும்போது தூரத்தை முடிவிலியில் வைத்து, மேலும் கீழுமுள்ள இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். மூட மறுப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

செவ்வாய்: பிரவுன்ஷ்வைக்

ஃபாய்க்ட்லெண்டர் 1756இல் வியன்னாவில் தொடங்கி 1849இல் இங்கே கிளை விட்டது. அங்கே வேலை பார்த்த பால் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடக்கே இருவரும் 1920இல் தனியாகப் பட்டறை போட்டார்கள். 1929இல் ரோலைஃப்ளெக்ஸ் வந்தது: மேல் லென்ஸில் பார்த்துக் கீழ் லென்ஸில் படமெடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா. ஒரே ஊரில் இரண்டு பெரிய கேமரா நிறுவனம். இன்று இரண்டும் அந்த வடிவில் இல்லை.

ரோலைஃப்ளெக்ஸ் வாங்குவோர் முதலில் பெயர்ப்பலகைக்குக் கீழே மயங்கிவிடுகிறார்கள்: லென்ஸ் பிளானாரா, ஜெனோடாரா என்று. இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, நிலைதான் முக்கியம். பார்க்க வேண்டியவை வேறு.

லென்ஸ்கள் உள்ள முன்பலகை நேராக இருக்கிறதா? ஃபோகஸ் குமிழை முழுக்க வெளியே திருகி, முன்பலகைக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் அட்டை வைத்து ஒப்பிடுங்கள். ஒரு மூலை குறுகினாலும் கீழே விழுந்த கேமரா. படத்தின் ஒரு பக்கம் எப்போதும் மங்கும். பார்வைக் கண்ணாடி மங்கலாக இருந்தால் பெரும்பாலும் அடியிலுள்ள ஆடியின் பூச்சு போயிருக்கும். மேற்பரப்பு வெள்ளிப் பூச்சு என்பதால் துடைத்தால் இன்னும் போகும். புது ஆடி வெட்டிப் போடலாம். ஒளிமானி செத்திருந்தால் விடுங்கள், அது இல்லாமலே எல்லாம் ஓடும், அதிலுள்ள செலினிய ஒளிமின்கலம் மறுபடி உயிர்ப்பதில்லை.

1937 முதல் வந்த ஆட்டோமாட் வகையில் ஃபிலிமின் தொடக்கத்தை உருளைகள் தாமே தடிப்பை வைத்து உணரும். பின்தாளைக் கீழேயுள்ள இரு உருளைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். மேலோடு போட்டுவிட்டால் கணக்கு தொடங்கவே தொடங்காது, கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கும், மொத்தச் சுருளும் படமில்லாமல் மறுபக்கம் போய்விடும். சந்தையில் பழைய பின்தாளோடு இதைச் சோதிக்கலாம்: ஃபிலிம் இணைந்த தடிப்பு இல்லாததால் ஓரிடத்தில் ஒட்டுநாடாவை இரண்டு மடிப்பாக ஒட்டிவிடுங்கள். அந்த இடம் வந்ததும் கணக்கு பிடித்தால் உணர்வி சரி.

1929இன் மூல ரோலைஃப்ளெக்ஸ் 117 என்ற அளவு ஃபிலிமுக்கானது. 120 போட முடியாது, யாராவது மாற்றி அமைத்திருந்தாலொழிய. 1932இன் ஸ்டாண்டர்டிலிருந்து 120. வடிகட்டி, லென்ஸ் மறைப்பு வாங்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள்: பழைய 3.5களும் மலிவுத் தம்பி ரோலைகார்டும் பேயனட் (மாட்டும் வளையம்) ஒன்று, 3.5எஃப் இரண்டு, 2.8கள் பெரும்பாலும் மூன்று. ஒன்றுக்கொன்று பொருந்தாது, மூன்றாம் அளவுதான் விலையிலும் மூன்றாவது மாடி. கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கக்கூடியது ரோலைகார்ட் ஃபைவ் பி. கைப்பிடி இல்லை, குமிழ்தான்; ஷட்டரைத் தனியாக இழுக்க வேண்டும். அதனாலேயே கெட உள்ளே பாகம் குறைவு.

ஃபாய்க்ட்லெண்டரில் அருமையான மலிவு, வீடோ பி. 1954. சந்தைகளில் "ஷட்டர் ஓடவில்லை" என்று காபிக்காசுக்குக் கிடைக்கிறது. காரணம் வேடிக்கை: ஷட்டரை ஏற்றுவது நெம்புகோல் அல்ல, ஃபிலிமின் துளைகள் சுற்றும் பல்சக்கரம். ஃபிலிம் இல்லாமல் எத்தனை முறை இழுத்தாலும் ஷட்டர் ஏறாது. பின்கதவைத் திறந்து அந்தப் பல்சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு அழுத்துங்கள். டக்கென்று ஓடினால் வாங்கிவிடுங்கள். காலாவதியான ஃபிலிம் சுருளைப் பையில் வைத்திருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பெஸ்ஸாமாடிக் (1959) ஜெய்ஸ் ஐகானின் காண்டாஃப்ளெக்ஸ் போலவே இதழ் ஷட்டர் உள்ள எஸ்.எல்.ஆர். (படமெடுக்கும் லென்ஸ் வழியாகவே ஆடியில் பார்க்கும் கேமரா). அழுத்தினால் முதலில் ஷட்டர் மூடி, அபர்ச்சர் சுருங்கி, ஆடி எழும்பி, பிறகு ஷட்டர் திறந்து மூட வேண்டும். இவ்வளவும் அடுத்த முறை முறுக்கும்போதுதான் பழைய நிலைக்கு வரும். ஆகவே ஃபைண்டர் இருட்டாக இருந்தால் முதலில் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். முறுக்கிய பிறகும் இருட்டு என்றால் விட்டுவிடலாம். நிழற்படக் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸான 36-82 ஜூமார் இதற்குத்தான் 1959இல் வந்தது. கைக்கு எடை, பைக்கும் எடை. அதே நிறுவனத்தின் அல்ட்ராமாடிக் பக்கம் போகவே வேண்டாம். பழுதானதைக் கையில் வாங்கவே பல மெக்கானிக்குகள் மறுப்பார்கள்.

புதன்: யேனா

லென்ஸ் நாள். கேமராவை விட்டுவிட்டுக் கண்ணாடி மட்டும்.

1945இல் அமெரிக்கப் படை யேனாவை விட்டுப் போகும்போது ஜெய்ஸின் ஏறத்தாழ 80 அறிஞர்களையும் நிர்வாகிகளையும் மேற்கே அழைத்துப் போனது. பின்னர் ஓபர்கோகனில் புது ஜெய்ஸ் உருவானது. யேனாவில் மிச்சமிருந்தது சோவியத் பகுதிக்குள் போனது. பெயர் யாருக்கு என்ற வழக்கின் விளைவை லென்ஸ் வளையத்தில் படிக்கலாம். "கார்ல் ஜெய்ஸ் யேனா" என்றால் கிழக்கு; "ஜெய்ஸ்-ஆப்டன்" என்றால் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளின் மேற்கு. மேற்கு நாடுகளுக்கு விற்ற கிழக்கு லென்ஸ்களில் ஜெய்ஸ் பெயரே இருக்காது: "ஆஸ் யேனா", டெஸ்ஸாருக்குப் பதில் "டி" எழுத்து, பையோடாருக்கு "பி". ஒரே லென்ஸ்தான், விலை மட்டும் சில நேரம் குறைவு. ஒன்றும் கியூவும் பின்னிய சின்னம் கிழக்கு ஜெர்மனியின் முதல்தர முத்திரை. சிவப்பு டி, பூச்சு போட்டது என்பதற்கு அடையாளம்; ஸ்மகுலா என்ற இயற்பியலாளர் 1935இல் ஜெய்ஸில் உருவாக்கியது.

எம்42 (42 மி.மீ.) திருகு லென்ஸ்களில் நோய் ஒன்றே ஒன்று: அபர்ச்சர் இதழில் எண்ணெய். எஃப் 16இல் வைத்து, பின்னாலுள்ள ஊசியை அழுத்தி விடுங்கள். இதழ் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் ஃபோகஸ் மரையின் கிரீஸ் இளகி இதழுக்கு வந்திருக்கிறது. படமெடுக்கும்போது இதழ் முழுக்க மூடுவதற்குள் ஷட்டர் திறந்துவிடும், ஸ்லைடெல்லாம் வெளுத்துப்போகும். லைட்டர் பெட்ரோலில் ஊறவைத்தால் சில வாரம் சரியாகும், பிறகு மறுபடி எண்ணெய் வரும். மரையிலுள்ள பழைய கிரீஸை முழுக்க எடுக்காமல் விடிவில்லை. கெர்லிட்ஸ் ஊரின் மேயர் டிரியோப்ளான் 100 மி.மீ. இப்போது பின்னணியில் வருகிற சோப்புக்குமிழி வட்டங்களுக்காக விலை ஏறிக் கிடக்கிறது. கூர்மை வேண்டும் என்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு ஃபிளெக்டோகன் லென்ஸ் வாங்கலாம்.

வியாழன், வெள்ளி: டிரெஸ்டன்

ஸ்ட்ரீசன் பகுதியில், 48 மீட்டர் கோபுரத்தோடு நிற்கும் பழைய எர்னமான் தொழிற்சாலைதான் இப்போதைய தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1926இல் எர்னமான், ஐகா, கோயர்ஸ், காண்டெஸா-நெட்டெல் நான்கும் சேர்ந்து ஜெய்ஸ் ஐகான் ஆனது. அதற்கு முன் 1924இல் எர்மானாக்ஸ் இங்கே பிறந்தது. எஃப் 2 லென்ஸை வைத்துக்கொண்டு பத்திரிகைப் படக்காரர் எரிக் சாலமன் நீதிமன்றங்களுக்குள் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்த கேமரா. அந்த லென்ஸை வடித்த லூட்விக் பெர்ட்டலேதான் பிறகு ஜெய்ஸ் ஐகானின் காண்டாக்ஸ் கேமராவுக்கு சோன்னார் லென்ஸை வடித்தார்.

காண்டாக்ஸ் 1932இல் லைக்காவுக்குப் போட்டியாக வந்தது. லைக்காவின் துணித் திரைக்குப் பதில் பித்தளைப் பட்டைகள், கடை ஷட்டர் மாதிரி மேலிருந்து கீழே சுருளும். 1936இன் காண்டாக்ஸ் 2 1/1250 வரை போகும். ரேஞ்ச்ஃபைண்டர் அடித்தளம் 90 மி.மீ., லைக்காவில் 39 தான். துல்லியத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் அந்தப் பட்டைகளைத் தாங்குவது இரண்டு பட்டு நாடாக்கள். 80 ஆண்டில் பட்டு நைந்துவிடும். பின்கதவைக் கழற்றி மெதுவாக முறுக்குங்கள். பட்டைகள் சாய்வாக ஏறினாலோ, ஒரு பாதி ஏறி மறுபாதி கீழேயே நின்றாலோ நாடா அறுந்திருக்கிறது. நாடா விலை ஒன்றுமில்லை, மாற்றும் கைதான் அரிது. வலது நடுவிரல் ரேஞ்ச்ஃபைண்டர் சாளரத்தை மறைக்கும். இரட்டைப் பிம்பமே தெரியவில்லை என்று பழிபோடும் முன் விரலை மடக்குங்கள்.

போருக்குப் பின் காண்டாக்ஸ் இயந்திரங்கள் இழப்பீடாக சோவியத்துக்குப் போய், 1947 முதல் கீவ் என்ற பெயரில் வெளிவந்தன. கீவ் உடலில் காண்டாக்ஸ் பெயர் பொறித்த போலியும் உண்டு. மேற்கில் ஷ்டுட்கார்ட்டில் 1950இல் செய்த 2ஏ முழுக்கப் புது வடிவம், ஷட்டர் நம்பகமானது. ஓட்டுவதற்கு 2ஏ, அலமாரிக்கு 2.

1949இன் காண்டாக்ஸ் எஸ், பிம்பத்தை நேராகக் காட்டும் பெண்டாப்ரிஸம் கொண்ட ஆரம்ப 35 மி.மீ. எஸ்.எல்.ஆர்.களில் ஒன்று, எம்42 திருகு இதிலிருந்துதான் உலகமெங்கும் போனது. இதன் ஃபிளாஷ் சொருகி முக்காலித் துளைக்குள் ஒளிந்திருக்கிறது. முக்காலியில் மாட்டினால் ஃபிளாஷ் இல்லை.

அதே பகுதியில் இஹாகே நிறுவனம். டச்சுக்காரரான யோஹான் ஸ்டீன்பெர்கன் நிறுவியது. கார்ல் நியூஷ்டர்லைன் வடித்த கினே எக்ஸாக்டா 1936இல் வந்தது. முறுக்குவதும் அழுத்துவதும் இடது கையில். நெம்புகோலை 300 பாகைக்குக் கிட்டே முழுக்க இழுக்க வேண்டும்; அரைகுறையாக விட்டால் ஷட்டர் ஏறாது, "பழுது" என்று மேசைக்கு வந்துவிடும். அடியில் ஒரு குமிழ் இருக்கிறது: திருகி இழுத்தால் உள்ளே கத்தி ஃபிலிமை அறுக்கும், பாதிச் சுருளை எடுத்துக் கழுவுவதற்காக. ஃபிலிம் உள்ள எக்ஸாக்டாவில் இதை விளையாட்டாக இழுக்காதீர்கள். பெரிய நோய் திரைதான். ரப்பர் இறுகி ஊசித்துளை விடும். பின்கதவைத் திறந்து வானத்தை நோக்கிப் பிடித்து நொடியில் பார்த்துவிடலாம். முறுக்கிய நிலை, முறுக்காத நிலை இரண்டிலும் பாருங்கள், இரண்டும் வேறு வேறு திரை.

பிராக்டிகா செய்த நீடர்செட்லிட்ஸ் பட்டறையின் உரிமையாளர் பென்னோ தோர்ஷ். 1930களின் இறுதியில் டெட்ராய்ட்டிலிருந்த சார்லஸ் நோபிளோடு தொழிலையே மாற்றிக்கொண்டு ஜெர்மனியை விட்டு வெளியேறினார். நோபிள் 1945இல் சோவியத் சிறைக்குப் போனார். அதே இடத்தில் 1956க்குப் பிறகு வந்த பிராக்டிசிக்ஸும், அதன் வாரிசான பெண்டகான் சிக்ஸும் (1966) 120 ஃபிலிமில் எஸ்.எல்.ஆர். வேண்டுவோருக்கு மலிவான வழி. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுதான் புகார். பாதிக் காரணம் கேமரா அல்ல, முறுக்கிய நெம்புகோலைக் கைவிட்டுத் துள்ளவிடுவது. விரலோடு கூடவே திரும்ப விடுங்கள். ஏற்றும்போது ஃபிலிமைத் தளர்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள்.

சனி: எல்பே கரை

ஆல்பர்ட் பாலத்தருகே ஆற்றங்கரைச் சந்தை. இங்கே சரக்கு முழுக்கக் கிழக்கு ஜெர்மனி: பிராக்டிகா, பைரெட், எக்ஸா, வேர்ரா. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வேர்ராவைத் தேடுங்கள். ஜெய்ஸ் யேனா 1954 முதல் செய்தது. முறுக்க நெம்புகோல் இல்லை. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தையே திருக வேண்டும். கவிழ்த்து மாட்டினால் லென்ஸ் மறைப்பே மூடியாகிவிடும். ஆரம்பத்து ஆலிவ் பச்சைத் தோல் உள்ளவை அழகு. வளையம் மணல் நெரிபடுவதுபோல் கரகரத்தால் வேண்டாம்.

வாங்கிய கேமராவில் கணக்கு நடுவில் நின்றால் உள்ளே ஃபிலிம் இருக்கலாம். திறக்காமல் திருப்பிச் சுற்றுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் எத்தனையோ பத்தாண்டுக்குப் பிறகும் ஏதாவது வரும்.

கடைகளில் வாங்கும்போது வரித்திருப்பம் (கட்டிய விற்பனை வரியைத் திரும்பப் பெறுவது) கேட்பீர்கள். பழைய பொருள் வியாபாரிகள் பெரும்பாலும் லாப அளவுக்கு மட்டும் வரி கட்டும் முறையில் விற்பதால் ரசீதில் வரி தனியாக இருக்காது, திருப்பம் கிடையாது. தனியாக இருந்து, 50 யூரோவுக்கு மேல் என்றால் விமான நிலையத்தில் சுங்க முத்திரையைப் பெட்டி போடும் முன் வாங்குங்கள், ஏனென்றால் பொருளைக் காட்டச் சொல்வார்கள். கேமரா எல்லாம் கைப்பையில். ஷட்டர் முறுக்காத நிலையில், வேகம் பி-யில். ஃபிலிமைத் தெளிவான பையில் தனியாக வைத்துக் கையால் சோதிக்கச் சொல்லுங்கள், புது சி.டி. ஸ்கேனர்கள் ஒரே முறையில் ஃபிலிமை மூட்டமடித்துக் கெடுத்துவிடும். தோலுறைகளைத் தனிப்பையில் போடுங்கள், பூஞ்சை அங்கேதான் குடியிருக்கிறது. சென்னை மாதிரி கடலோர ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் உலர் அலமாரியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் வைத்து, வாரம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டிவிடுங்கள்.